கழுத்தில் தொங்கிய அட்டை

அத்தியாயம் 7

ஏழு வயதுப் பெண் குழந்தையின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தால் மேஜை மேல் என்னென்ன விழும் என்று வளவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பாதி கடித்த ரப்பர், ஒற்றைக் கம்மல், மடித்து வைத்த ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு விமான டிக்கெட்.

சனிக்கிழமை காலை எட்டேகால் மணி. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருக்கிறது சென்னியம்மாள் துப்பறியும் நிலையம். சென்னியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. போலீஸில் இருந்தபோது பதினெட்டு வருஷம் பாஸ்போர்ட் விசாரணை பார்த்தவர். ஆளையும் நம்பமாட்டார், ஆள் நீட்டும் காகிதத்தையும் நம்பமாட்டார். அவருடைய ஒரே உதவியாளன் வளவன். வயது முப்பத்து நாலு. கார் ஓட்டுவான், படம் எடுப்பான், யாரும் கேட்காவிட்டாலும் ஜோக் அடிப்பான். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த சுகன்யாவுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாழப்பாடிப் பெண். சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். புருஷன் தீனதயாளன் திருச்செங்கோட்டுக்காரன். ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவன். இரண்டு வருஷமாகப் பிரிந்திருக்கிறார்கள். மகள் தனப்பிரியா அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அப்பா அழைத்துப் போகலாம்; வெள்ளி மாலையே பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களைத் தாண்டக் கூடாது. இது கோர்ட் உத்தரவு.

"நேத்து சாயங்காலம் ஸ்கூல்ல இருந்தே கூட்டிட்டுப் போயிட்டாரு மேடம்" என்றாள் சுகன்யா. "திங்கக்கிழமை வேணுமேன்னு பையை மட்டும் டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பினாரு. காலைல தொறந்து பார்த்தா இந்த டிக்கெட்டு. இன்னிக்கு ஒம்பதே முக்காலுக்கு ஹைதராபாத். அவர் பேரும் இருக்கு, பாப்பா பேரும் இருக்கு."

"போன் பண்ணிப் பாத்தியா சாமி?"

"ரிங் போகுது. எடுக்கல."

"பாப்பாவோட பாஸ்போர்ட்டு?"

"என் பீரோவுல இருக்கு. ஆதார், பொறப்புச் சர்ட்டிபிகேட், எல்லாமே என்கிட்டத்தான் மேடம். அவர் எங்க கூட்டிட்டுப் போனாலும் நாட்டை விட்டுப் போக முடியாது. அந்தத் தைரியத்துலதான் ஒவ்வொரு தடவையும் அனுப்பறேன்."

சென்னியம்மாள் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பையில் திரும்ப வைத்தார். கடைசியாக ரப்பரை வைத்தவர் ஜிப்பை மூடவில்லை.

"கழுத்துல மாட்டற அட்டை எங்கே?"

"எந்த அட்டை?"

"ஸ்கூல் அட்டை. போட்டோ, பேரு, பொறந்த தேதி எல்லாம் போட்டு நாடாவுல தொங்குமே, அது."

சுகன்யா காலியான மேஜையைப் பார்த்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். தினமும் காலையில் அவளே மாட்டிவிட்டு, மாலையில் அவளே கழற்றி ஆணியில் தொங்கவிடும் அட்டை. அதைக் காணவில்லை என்று இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒத்தைக் கம்மலைக் கூட மறக்காம அனுப்பின மனுசன், அட்டையை மட்டும் வெச்சுக்கிட்டாரு" என்றார் சென்னியம்மாள்.

"பாசமா இருக்கும்க்கா" என்றான் வளவன். "ஸ்கூல் போட்டோவுல எல்லாப் பிள்ளையும் திருட்டு முழிதான் முழிக்கும். அப்பனுங்க அதைத்தான் தேடி எடுத்து பர்ஸ்ல வெச்சுக்குவாங்க."

"உள்நாட்டு விமானத்துக்கு இந்த வயசுப் பிள்ளைக்கு அந்த அட்டை போதும் வளவா." சென்னியம்மாள் சுகன்யாவின் பக்கம் திரும்பினார். "ஏஞ் சாமி, உன்ற ஊட்டுக்காரருக்கு நேபாளத்துல ஏதாச்சும் வேலை ஓடுதா?"

"ஆறு மாசமா ரெண்டு ரிக்கு அங்கதான் ஓடுது. எல்லையில பீர்கஞ்ச்னு ஒரு ஊரு. அங்க வீடு கூடப் பிடிச்சிருக்காரு."

"பதினஞ்சு வயசுக்குக் கீழே இருக்கற நம்ம நாட்டுப் பிள்ளைக்கு அந்த எல்லையில பாஸ்போர்ட் வேண்டியதில்லை. படமும் வயசும் தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணைக் காட்டினாப் போதும், உள்ளே உட்டுருவாங்க. நீ பீரோவுல பூட்டி வெச்சிருக்கறது பூராவும் அவருக்குத் தேவையில்லாத காயிதம். தேவையானதை நீயே தெனமும் அவ கழுத்துல மாட்டி அனுப்பியிருக்கே."

"அந்தப் பக்கம் போயிட்டா, இந்தக் கோர்ட் உத்தரவு?"

"அது அங்கே செல்லாது சாமி" என்ற சென்னியம்மாள் கார் சாவியை எடுத்து வளவனிடம் வீசினார்.

அஸ்தம்பட்டியிலிருந்து காமலாபுரம் விமான நிலையத்துக்கு வளவன் அன்று ஓட்டிய வேகத்தை அவனுடைய அம்மா பார்த்திருந்தால் லைசென்ஸை வாங்கி அடுப்பில் போட்டிருப்பாள். சுகன்யாவின் செல்போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவள் புருஷனை மறுபடி மறுபடி கூப்பிட்டால் அவன் உஷாராகிவிடுவான் என்று சென்னியம்மாள்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். ஓமலூர் போய்ச் சேருவதற்குள் அதில் ஆறு அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டான். மூன்று பேர் லோன் வேண்டுமா என்று கேட்டார்கள், இரண்டு பேர் மேச்சேரியில் மனை விற்றார்கள், ஒரு பெண் இன்சூரன்ஸ் என்றாள்.

"உங்களுக்கு இத்தனை பேரு பணம் குடுக்கக் காத்திருக்காங்க, எனக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டேங்கறான்" என்றான்.

சுகன்யா அதைக் காதில் வாங்கவில்லை. மகளின் ஸ்வெட்டரை மடியில் வைத்துத் தடவியபடி பேசிக்கொண்டே வந்தாள்.

"கெட்டவருன்னு சொல்ல மாட்டேன் மேடம். பாப்பா மேல உசிரு. அவ பொறந்து டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு, ராகு காலம் முடியட்டும்னு பச்சை உடம்போட என்னை ஒன்றரை மணி நேரம் ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார வெச்சுட்டாரு. நேரம் பார்க்காம அவளை வாசப்படி தாண்ட விட மாட்டாரு. அப்படிப்பட்ட மனுசன் எப்படி மேடம் அவளை என்கிட்ட இருந்து பிரிக்க நினைப்பாரு?"

சென்னியம்மாள் போனில் வரச்சொன்ன கயல்விழி விமான நிலைய வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. ஒரு காலத்தில் சென்னியம்மாளிடம் வேலை பழகியவர்.

"லிஸ்ட்ல ரெண்டு பேரும் இருக்குக்கா. ஆளுதான் வரல. கவுன்ட்டரையே மூடிட்டாங்க."

மணி ஒன்பது இருபத்தைந்து. உள்ளே போக வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் ஒரு காக்காய் கூட இல்லை. சுகன்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருச்செங்கோட்டு ஸ்டேஷன்ல கேட்டேன்" என்று தொடர்ந்தார் கயல்விழி. "அவரோட கார் வீட்டு வாசல்லயே நிக்குது. போனும் வீட்டுக்குள்ளதான் அடிக்குது. ஆளு மட்டும் இல்ல. ஒரு ரிக் வண்டி மட்டும் ஒம்பது மணிக்கே பெங்களூரு பக்கம் கிளம்பிருச்சாம்."

சென்னியம்மாள் டிக்கெட்டைப் பிரித்து மறுபடி படித்தார்.

"வளவா, சனிக்கிழமை ராகு காலம் எப்போ?"

"ஒம்பதுல இருந்து பத்தரைங்க்கா. எங்க அப்பா அந்த நேரத்துல ஷேவ் கூடப் பண்ணமாட்..." வளவன் பாதியில் நிறுத்தினான்.

"பொறந்த பிள்ளையை ராகு காலத்துல ஆஸ்பத்திரிப் படி எறக்காதவன், அதே பிள்ளையை ராகு காலத்துல ஆகாசத்துல ஏத்துவானா? பையை அனுப்பறப்போ அட்டையைப் பாத்து வெச்சுக்கிட்டவனுக்கு டிக்கெட்டு மட்டும் கண்ணுல படாமப் போயிருமா? இது நம்மளை இங்க வரவழைக்கப் போட்ட டிக்கெட்டு." சென்னியம்மாள் அதை மடித்துக் கைப்பையில் வைத்தார். "பத்தரைக்கு மேலதான் கிளம்புவான். ரோட்டுல பெங்களூரு. அங்கிருந்து சாயங்காலம், பீர்கஞ்ச்சுக்குக் கிட்ட இருக்கற பாட்னாவுக்கு விமானம். விடியக்காலைல எல்லை. நாளைக்கு ஆறு மணிக்கு இந்தப் பொண்ணு வாசல்ல பாத்துட்டு நிக்கறப்போ, அவன் பீர்கஞ்ச்ல உக்காந்துட்டு இருப்பான்."

"அப்ப இப்பவே திருச்செங்கோட்டுக்கு விடறேன்" என்று காரை நோக்கி ஓடினான் வளவன்.

"எந்த வண்டி, எந்தத் தெருன்னு தேடுவே? நில்லு."

"பிடிச்சாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றார் கயல்விழி. "ரெண்டு மாவட்டத்துக்குள்ள இருக்கற வரைக்கும் பிள்ளை அவரோட இருக்கறது சட்டப்படி சரி. இப்பக் கை வெச்சா அவர் வக்கீல் என்னைத்தான் கூண்டுல ஏத்துவாரு. எல்லைப் பலகையை ஒரு அடி தாண்டட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"அப்ப நாம அந்தப் பலகைகிட்டப் போயி உக்காந்துக்கலாம்" என்றார் சென்னியம்மாள்.

தீவட்டிப்பட்டி தாண்டி, தொப்பூருக்குச் சற்று முன்னால் தர்மபுரி மாவட்டம் வரவேற்கிறது என்று ஒரு பச்சைப் பலகை. அதை ஒட்டி ஓர் இளநீர்க் கடை. ஜீப்பைப் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வளவன் காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, சாவியைப் போட்டபடியே வைத்திருந்தான். பத்தரை ஆனது. பதினொன்றரை ஆனது. பெங்களூருக்குப் போகும் ஒவ்வொரு காரையும் கயல்விழியின் போலீஸ்காரர்கள் நிறுத்தி உள்ளே பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சுகன்யா எழுந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தாள்.

வளவனுக்கு இந்த மாதிரி மௌனம் ஆகாது. பதினொன்று ஐம்பதுக்குச் சட்டைப் பையில் சுகன்யாவின் போன் அதிர்ந்தது. புது நம்பர். கட் பண்ணினான். இரண்டு நிமிஷத்தில் அதே நம்பர் மறுபடியும் அதிர்ந்தது.

"யாருங்க?" என்று எட்டிப் பார்த்தாள் சுகன்யா.

"ஏழாவது லோன்காரன். பாவம், தவணை முறையில கூப்பிடறான்" என்று அதையும் கட் பண்ணினான்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு முட்டை லாரி நிதானமாகப் பலகையைக் கடந்தது. அட்டை அட்டையாக அடுக்கிய முட்டை. முன்கண்ணாடி மேல் சாமந்தி மாலை, மூன்று விரலால் இழுத்த சந்தனம், பம்பரில் கயிறு கட்டித் தொங்கிய எலுமிச்சம்பழம். டிரைவருக்குப் பக்கத்தில் தலையில் துண்டைச் சுற்றிய ஒரு கிளீனர் தலை குனிந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"முட்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்க" என்றான் வளவன். "மாலையும் சந்தனமும்! பெங்களூரு போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சா நேரா முகூர்த்தந்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சென்னியம்மாளின் கண் லாரிக்குப் பின்னால், தூரத்தில் தெரிந்த உயரமான இரும்புக் கோபுரத்தின் மேல் இருந்தது.

"ரிக் வண்டி வருது!" என்றார் கயல்விழி.

சுகன்யா ரோட்டுக்கே ஓடிவிட்டாள். பலகையைத் தாண்டவிட்டு, பத்தடியில் வண்டியை மறித்தார்கள். கேபினுக்குள் டிரைவரும் இரண்டு வேலையாட்களும் சமையல் பாத்திரங்களுந்தான். குழந்தை இல்லை. பின்னாலே, குழாய்களுக்கு இடையிலே, கம்ப்ரசருக்கு அடியிலே எங்கே தேடியும் இல்லை. "பாப்பா! பாப்பா!" என்று சுகன்யா கத்தியதைக் கேட்டு இளநீர்க் கடைக்காரர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்.

அக்கா தப்புக் கணக்குப் போட்டு வளவன் இதுவரை பார்த்ததில்லை. சென்னியம்மாளோ வண்டிக்குள் பார்க்கவே இல்லை. முன்பக்கமாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலே போன ஆயுத பூசைக்குக் கட்டிய மாலை, நார் நாராகக் காய்ந்து தொங்கியது.

"ஏனுங்க டிரைவர், எங்கே போவுது வண்டி?"

"நேபாளமுங்க."

"அவ்வளவு தூரம் போற வண்டிக்குப் பூசை போடலீங்களா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அதையே தானுங்க நானும் கேட்டேன். ஒரு எலுமிச்சம்பழம் கூட வெக்கலீங்களேன்னு. மொதலாளி என்னைக்கும் அப்படி உடமாட்டாருங்க. இன்னிக்கு என்னமோ, 'நீ மொள்ளமா ஓட்டிட்டுப் போயி ஓசூர்ல நில்லு, அப்புறம் சொல்றேன்'னுட்டாரு."

"இதுவும் நமக்காகத்தான்" என்றார் சென்னியம்மாள். "டிக்கெட்டு மாதிரி. பிள்ளை உக்காராத வண்டி எந்த நேரத்துல கிளம்பினா என்ன, பூசை இல்லாமக் கிளம்பினா என்ன? பிள்ளை உக்கார்ற வண்டிக்கு அவன் பூசை போடாம இருந்திருக்கவே மாட்டான். புதுசா மாலை போட்ட வண்டி ஏதாச்சும்..."

அவர் முடிக்கவில்லை. வளவன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். சாதாரணச் சனிக்கிழமையில், தினமும் போய் வருகிற முட்டை லாரிக்கு எந்த ஓனர் மாலை போடுகிறான்?

"அக்கா. முட்டை லாரி!"

தொப்பூர் கணவாய் பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு ஏற்றம். வளவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஏற்றத்துக்கு நன்றி சொன்னான். முட்டை ஏற்றிய வண்டியை எவனும் விரட்டி ஓட்டமாட்டான். பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக் போட்டுத்தான் போக வேண்டும். இரண்டாவது வளைவில் சாமந்தி மாலையின் வால் காற்றில் ஆடுவது தெரிந்தது. ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் முந்தினான். கயல்விழியின் ஜீப் பின்னால் வந்து அடைத்தது. லாரி முனகிக்கொண்டு நின்றது.

டிரைவர் பச்சமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கம்மா. பெங்களூரு வரைக்கும் அப்பனும் மவளும் வாராங்கன்னு ஏத்திக்கிட்டேன்."

கிளீனர் தலைத் துண்டை மெல்ல அவிழ்த்தான். தீனதயாளன். பெரிய காரில் மட்டுமே போய்ப் பழகிய மனிதன், முழங்கால் வரை மடித்துக் கட்டிய லுங்கியோடு இறங்கி நின்றான். அவனுக்குப் பின்னால் சீட்டுக்கு அடியில் போர்வைக்குள்ளிருந்து தனப்பிரியா தலையை நீட்டினாள். சனிக்கிழமை, வீட்டுக் கவுன், கழுத்தில் மட்டும் நீல நாடாவில் பள்ளிக்கூட அட்டை.

"பாப்பா!"

சுகன்யா லாரியின் படியில் ஏறி மகளை அப்படியே அள்ளிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். வளவன் மரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டான்.

"எம்பட பிள்ளையை நான் பெங்களூரு சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறேன், இதுல என்னங்க தப்பு?" என்றான் தீனதயாளன்.

கயல்விழி கையை நீட்டினார். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு பாட்னா டிக்கெட் வெளியே வந்தது. உத்தரவின் நகலை அவன் முன் விரித்துப் பிடித்தார். "மாவட்ட எல்லையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் ஆச்சு. நடங்க."

"மாசத்துல ரெண்டு நாளுங்க" என்றான் அவன். "ரெண்டே ரெண்டு நாளு. நானும் பெத்தவன்தானுங்களே."

"அதைக் கோர்ட்டுல போயிக் கேட்டிருக்கோணும் தம்பி" என்றார் சென்னியம்மாள். "திட்டத்துல ஒரு கொறையும் இல்லை. இந்த மாலை மட்டும் இல்லாட்டி, நான் உன்னைக் கோட்டை விட்டிருப்பேன்."

"அதெப்படிங்க?" தீனதயாளன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "எம்பட பிள்ளை உக்கார்ற வண்டிக்கு நான் எப்படிங்க பூசை போடாம உடறது?"

ஜீப்பில் ஏறும்போது அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அம்மாவின் தோளில் முகம் புதைத்திருந்தாள்.

ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்து சுகன்யா மகளின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். "அப்பா இதைக் கழட்டவே கூடாதுன்னாரு" என்றாள் தனப்பிரியா. "இதைக் காட்டினாத்தான் உள்ளே விடுவாங்களாம்."

"தெரியும்டா செல்லம்."

"பின்பக்கம் உன் போன் நம்பர் இருக்குல்லம்மா. ஓமலூர்ல அப்பா ஜூஸ் வாங்க இறங்கினாரு. கேம் ஆடறேன்னு சொல்லி டிரைவர் தாத்தாவோட போனை வாங்கி, அதைப் பார்த்து உனக்குப் போட்டேன்." குழந்தையின் உதடு பிதுங்கியது. "ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் நீ கட் பண்ணிட்டே."

சுகன்யா நிமிர்ந்தாள். அவள் வளவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். லோன்காரர், மனைக்காரர், இன்சூரன்ஸ்காரி என ஆறு பேருக்கும் ஹலோ சொன்ன போன். அதற்கு மேலே சிவப்பில் இரண்டு வரி: பதினொன்று ஐம்பது, பதினொன்று ஐம்பத்திரண்டு.

அவன் குழந்தைக்கு எதிரே மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா கட் பண்ணல கண்ணு. நான்தான் பண்ணினேன்."

தனப்பிரியா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மாமா?"

எல்லாக் கேள்விக்கும் கைவசம் ஒரு ஜோக் வைத்திருக்கும் வளவன் வாயைத் திறந்தான். "யாருன்னு கேக்காம ஜோக் அடிச்சுட்டிருந்தேன் கண்ணு" என்றான். சென்னியம்மாள் வந்து காருக்கு அழைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.